கேப்பிட்டல் மேடையைக் கேட்டு வாங்குங்கள்

சிங்கப்பூர்த் தமிழ் நாடகக் குழுக்களுக்கு, அவற்றில் ஆடுவோர், எழுதுவோர், ஒளி அமைப்போர், அரங்கப் பொருள் சுமப்போர், வாசலில் நின்று சீட்டுக் கிழிப்போர் எல்லாருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்டாம்ஃபர்ட் சாலையும் நார்த் பிரிட்ஜ் சாலையும் சந்திக்கும் முனையில் இருக்கும் கேப்பிட்டல் அரங்கில் ஆண்டுக்கு ஒரு வாரம் தமிழ் நாடகம் நடக்க வேண்டும். ஒரு குழுவால் முடியாது என்றால் நாலு குழு சேர்ந்து நடத்துங்கள். ஒரே ஒரு நாள் விழா எடுத்து, மாலை மரியாதை செய்து, படம் பிடித்துப் போடுவதைப் பற்றி நான் பேசவில்லை. திங்களில் தொடங்கி ஞாயிறு வரை, ஒவ்வொரு மாலையும் விளக்கு எரிய வேண்டும்.

அந்த இடத்தின் பெயரைச் சொன்னால் உங்களில் பலர் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அது ஹோட்டல்காரர் இடம், கடைத்தொகுதியோடு ஒட்டிய இடம், நம் பணப்பைக்கும் நம் கூட்டத்துக்கும் பெரிய இடம். இந்த மூன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அதற்கு முன் அந்தக் கட்டடம் எப்படிப் பிறந்தது, எப்படிப் பிழைத்தது என்று கொஞ்சம் பேச வேண்டும். அது தெரிந்தால், கேட்பதற்கு நமக்கு எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கேப்பிட்டல் படம் காட்டுவதற்காகக் கட்டிய கொட்டகை. நமாசி என்ற பாரசீக வணிகக் குடும்பம் கட்டியது. வரைந்தவர்கள் கீஸ் அண்ட் டௌட்ஸ்வெல் நிறுவனத்தார். ஆற்றின் முகத்தில் இன்று ஹோட்டலாக நிற்கும் ஃபுல்லர்ட்டன் கட்டடமும் அவர்கள் கைவேலைதான். 1930 மே மாதம் கேப்பிட்டலில் முதல் காட்சி. படம் 'ரியோ ரீட்டா'. 1927இல் நியூயார்க் பிராட்வேயில் ஓடிய இசை நாடகத்தை 1929இல் பேசும் படமாக எடுத்தார்கள். அதைத்தான் இங்கே காட்டினார்கள். ஆக, அந்தத் திரையில் முதல் நாளே ஓடியது ஒரு மேடை நாடகத்தின் பிரதி. இது தற்செயல்தான். ஆனாலும் மேடைக்காரர்களாகிய உங்களுக்கு இந்தத் தற்செயல் இனிக்க வேண்டும்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். படம் பேசத் தொடங்கிய புதிது. தமிழில் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வர இன்னும் ஓராண்டு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து நாடகக் கம்பெனிகள் கப்பலேறி இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வந்து ஆடிக்கொண்டிருந்தன. பார்சி நாடகத்தைப் பார்த்து வளர்ந்த பங்சாவான் என்ற மலாய் நாடக வகை ஊரூராகக் கூட்டம் சேர்த்தது. நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா 1923 முதலே இருந்தது. கிரேட் வோர்ல்டும் ஹேப்பி வோர்ல்டும் 1930களில் வந்து சேர்ந்தன. அங்கெல்லாம் மேடைகள் இருந்தன. பேசும் படம் வந்தது. இத்தனை மேடைகளின் கூட்டத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டது. நாடகக்காரர்கள் பிழைப்புத் தேடி சினிமாவுக்கே போனார்கள். அப்படி மேடையின் கூட்டத்தை உறிஞ்சிக்கொண்ட பெரிய கொட்டகைகளில் ஒன்று, இன்று மேடையாக நிற்கிறது. கடனைத் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

உள்ளே போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சாலையில் நின்று நீங்கள் பார்ப்பது அரங்கின் முகம் அல்ல. முன்னால் வளைந்து நிற்கும் அடுக்குமாடிக் கட்டடம் நமாசி மேன்ஷன்ஸ் என்ற பெயரில் குடியிருப்பாக எழுந்தது. பிறகு ஷாஸ் பில்டிங் ஆனது. பிறகு கேப்பிட்டல் பில்டிங். அரங்கு அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே மேடையின் இரண்டு பக்கமும் சிறகுள்ள குதிரைகள், மேலே ஆளைச் சுமந்தபடி. கூரையின் நடுவே குவிமாடம். அதில் பன்னிரண்டு ராசிகளும் வட்டமாக இருக்கின்றன. ஒரு வெளிநாட்டுக் கட்டடக்காரர், கிரேக்கக் கதைக் குதிரையையும் நம் பாட்டிமார் வாயில் புழங்கும் மேஷ ரிஷபத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேல்தட்டு இருக்கைகளில் உட்கார்ந்தால் இவை அருகில் தெரியும். நாடகம் பிடிக்காவிட்டாலும் பார்க்க ஏதோ ஒன்று உண்டு என்று குறும்பாகச் சொல்லத் தோன்றுகிறது. உங்களை நான் அப்படிக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஜப்பானியர் காலத்தில் கேப்பிட்டலுக்கு 'கியோ-எய் கெகிஜோ' என்று பெயர் மாறியது. கேத்தே கொட்டகை 'தாய் தோவா கெகிஜோ' ஆயிற்று. 1944இல் ஒரு குண்டு வெடிப்பில் கேப்பிட்டல் சேதமடைந்தது. போர் முடிந்ததும், 1946இல், ஷா சகோதரர்கள் அதை வாங்கினார்கள். அடுத்த அரை நூற்றாண்டு அது ஷா நிறுவனத்தின் பெருமைக்குரிய கொட்டகைகளில் ஒன்று.

ஷா என்றதும் ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜாலான் அம்பாஸில் அவர்கள் நடத்திய படப்பிடிப்புத் தளத்தில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் தமிழரான எல். கிருஷ்ணன் 1950இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தை இயக்கினார். பி. ரம்லீ கதாநாயகனாக ஆன படம் அது. மலாய்த் திரையுலகின் ஈடில்லாத நட்சத்திரத்துக்கு முதல் நாயக வேடம் கொடுத்தவர் நம் ஆள். இது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? தெரியாது. ஏன்? யாரும் மேடையில் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஒரு நாடகம் எழுதலாம். ஒரு தமிழ் இயக்குநர், பினாங்கிலிருந்து வந்த இளம் பாடகன், ஒரு சீன முதலாளி, மூன்று மொழிகள், ஒரு தளம். நான் நாடகம் எழுதுகிறவன் அல்லன், நீங்கள் எழுதுகிறவர்கள்.

அதே நேரம் ஒன்றை மறைக்கக் கூடாது. கேப்பிட்டல் நம்முடைய கொட்டகையாக ஒருபோதும் இருந்ததில்லை. அது ஆங்கிலப் படங்களின் வீடு. நம் சனம் தமிழ்ப் படம் பார்க்கப் போனது டைமண்டுக்கு, ராயலுக்கு. பின்னாளில் மெக்கன்சி சாலை ரெக்ஸுக்கு. டைமண்டும் ராயலும் அதே நார்த் பிரிட்ஜ் சாலையில்தான் இருந்தன. நடந்து போகிற தூரம். ஆனாலும் கேப்பிட்டலுக்குள் போவது வேறு வகுப்பு, வேறு உடுப்பு என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆங்கிலம் படித்த அண்ணன் அலுவலக நண்பர்களோடு போவார்; அம்மாவும் அத்தையும் டைமண்டில் அழுதுவிட்டு வருவார்கள். டைமண்ட் இன்று இல்லை. ராயல் இல்லை. அம்மாவும் அத்தையும் போகாத கொட்டகை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவர்கள் மொழியை அங்கே கொண்டுபோய் வைப்பதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு சந்தோஷம் இருக்கும். இதைப் பழிதீர்ப்பது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

அது எப்படி மிஞ்சியது என்பது முக்கியம். 1987இல் அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. ஷா நிறுவனம் குத்தகைக்குத் தொடர்ந்து படம் காட்டியது. 1992இல் யீஷுனில் பத்துத் திரை கொண்ட வளாகம் திறந்தது. அதற்குப் பிறகு ஒற்றைத் திரையை வைத்துக்கொண்டு ஆயிரத்து அறுநூறு பேருக்குமேல் உட்காரக்கூடிய கொட்டகையை நடத்துவது என்ன கணக்கில் கட்டுபடியாகும்? 1998 டிசம்பர் 29ஆம் தேதி கேப்பிட்டலில் கடைசிக் காட்சி. அதே ஆண்டில் யூ தோங் சென் தெருவின் மெஜஸ்டிக்கும் மூடியது. மெஜஸ்டிக்கின் கதை கேப்பிட்டலின் கதைக்கு நேர் எதிர்: 1928இல் கேன்டனீஸ் இசை நாடகத்துக்காகக் கட்டியது, பிறகு சினிமாக் கொட்டகை ஆனது, கடைசியில் கடைகள் நுழைந்துவிட்டன. ஓடியன், பெவிலியன், அல்ஹம்ப்ரா எல்லாம் தரைமட்டம். கேத்தேயின் முகப்பு மட்டும் நிற்கிறது. பின்னால் இருப்பது புதுக் கட்டடம்.

கேப்பிட்டல் பூட்டியே கிடந்தது. 2007இல் அதற்குப் பாதுகாப்புத் தகுதி கிடைத்தது; இடிக்கக் கூடாது, குவிமாடத்தையும் குதிரைகளையும் தொடக் கூடாது என்று ஆனது. 2010இல் அந்த நிலத்தொகுதி முழுதும், பக்கத்து ஸ்டாம்ஃபர்ட் ஹவுஸ் உட்பட, ஏலத்தில் 25 கோடி வெள்ளிக்குப் போனது. ஹோட்டல், வீடுகள், கடைகள், நடுவில் அரங்கு என்று திட்டம். 2015 மே மாதம் அரங்கு திறந்தது. திறப்பு விழாவுக்கு வந்தது 'சிங்கப்பூரா' என்ற இசை நாடகம். நம் ஊர் விடுதலை பெற்ற பத்தாண்டுகளின் கதை அது. உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் பிலிப்பீன்ஸ் கலைஞர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வந்தார்கள், துணிந்தார்கள், ஆடினார்கள். நம் கதையை நம் மேடையில் முதலில் சொல்ல அயலூரிலிருந்து ஆள் வர வேண்டியிருந்ததே என்பதுதான் உறுத்தல்.

அதற்குப் பின் நடந்தது நாடகத்தைவிட நாடகம். பங்குதாரர்கள் ஒத்துப்போகாமல் நீதிமன்றம் வரை போனார்கள். ஹோட்டல் திறப்பது தள்ளிப்போனது. 2018இல் ஒரு தரப்பு மறுதரப்பின் பங்கை வாங்கிக்கொண்டது. அந்த ஆண்டே ஹோட்டல் கெம்பின்ஸ்கி பெயரில் திறந்தது. இவ்வளவு இழுபறியிலும் அரங்கு அவ்வப்போது விளக்கேற்றியது. இசை நிகழ்ச்சிகள், திரைப்பட விழாக் காட்சிகள், நிறுவன விருந்துகள். வாடகைக்கு விடும் மண்டபம் என்ற நிலை.

இந்த நிலைதான் எனக்குக் கவலை. பாதுகாப்புச் சட்டம் குவிமாடத்தைக் காக்கும். அங்கே என்ன நடக்க வேண்டும் என்று அது ஒரு வார்த்தையும் சொல்லாது. சட்டத்தைத் துளியும் மீறாமல் அந்த அரங்கை ஆண்டு முழுவதும் கல்யாண விருந்துக்கும் கார் அறிமுக விழாவுக்கும் விடலாம். ராசி மண்டலத்தின் கீழ் பஃபே நடக்கும்.

வேறு ஊர்களில் இப்படிப்பட்ட கொட்டகைகள் எப்படித் தப்பின என்று பாருங்கள். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் ஓஹாயோ தியேட்டர் 1928இல் சினிமாக் கொட்டகையாகத் திறந்தது. 1969இல் மூடியது, இடிக்க நாள் குறித்தார்கள். ஊர்மக்கள் சங்கம் அமைத்து, பணம் திரட்டி, அதை வாங்கினார்கள். ஊரின் சிம்ஃபனி இசைக்குழு அங்கேயே குடியேறியது. செயின்ட் லூயிஸில் 1925ஆம் ஆண்டுச் சினிமாக் கொட்டகை ஒன்று 1968இல் அந்த ஊர்ச் சிம்ஃபனியின் வீடாகி, பவல் ஹால் என்று பெயர் பெற்றது. மெல்பர்னில் 1929இல் திறந்த ரீஜென்ட் கொட்டகையின் கதை இன்னும் காரசாரம். 1970இல் மூடினார்கள். நகர மன்றம் அதை இடித்து நகரச் சதுக்கத்தோடு சேர்க்க நினைத்தது. கட்டடத் தொழிலாளர் சங்கம், எங்கள் ஆள் ஒருவன்கூட அங்கே கடப்பாரை தூக்க மாட்டான் என்று சொல்லிவிட்டது. கட்டடம் பிழைத்தது, ஆனால் உள்ளே ஆட ஆளில்லாமல் 26 ஆண்டு பூட்டிக் கிடந்து, 1996இல்தான் மேடை அரங்காகத் திறந்தது.

ஓஹாயோவும் பவல் ஹாலும் சீக்கிரம் உயிர்பெற்றதற்குக் காரணம், அவற்றுக்கு ஆண்டுதோறும் வருகிற குடியிருப்பாளர் கிடைத்தார். ரீஜென்ட்டைக் காக்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள், நிரப்ப ஆளில்லை. கேப்பிட்டலைக் காக்க அரசு இருக்கிறது. குடியிருப்பாளர்தான் வேண்டும். முழு ஆண்டுக் குடியிருப்பாளராக நம்மால் ஆக முடியாது. ஆண்டுக்கு ஒரு வாரக் குடியிருப்பாளராக ஆகலாம். நாம் ஒரு வாரம் எடுத்தால் மலாய்க் குழுக்கள் ஒரு வாரம் எடுக்கும், சீன இசை நாடகக்காரர்கள் ஒரு வாரம் எடுப்பார்கள். ஆண்டின் நாள்காட்டியில் நாடகத்துக்கென்று ஒதுங்கிய வாரங்கள் இருந்தால், விருந்துக்காரர்கள் மற்ற வாரங்களைப் பார்த்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் மூன்று எதிர்ப்புகளுக்கு வருகிறேன்.

இடம் பெரிது என்கிறீர்கள். 977 இருக்கை. விக்டோரியா தியேட்டரில் 614, தேசிய நூலகக் கட்டடத்து நாடக அரங்கில் 615. நமக்குப் பழக்கம் நூறு, இருநூறு பேர் உட்காரும் கறுப்புப் பெட்டி அரங்குகள். அந்தச் சின்ன அரங்குகள் நம் நாடகத்துக்குச் செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆர்மீனியன் தெருவின் சப்ஸ்டேஷன் போன்ற இடம் இல்லாமல் இளங்கோவனின் நாடகங்களை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் இருபது ஆண்டுக்கு மேலாகச் சின்ன அறையிலேயே ஆடிக்கொண்டிருந்தால் குரல் சின்னதாகிவிடும், கதையும் சின்னதாகிவிடும். ஒருவரையொருவர் தெரிந்த நூறு பேருக்காக எழுதுகிற பழக்கம் வந்துவிடும். அது வந்துவிட்டது என்பதே என் எண்ணம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மேலும், கேப்பிட்டலில் ஒரு வசதி உண்டு. அதன் தரைத்தள இருக்கை வரிசைகள் இயந்திரத்தால் சுழன்று தரைக்கடியில் மறைந்துகொள்ளும். அரங்கு முழுதும் சமதளமாகிவிடும். விருந்துக்காரர்களுக்காகச் செய்த ஏற்பாடு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் தெருக்கூத்து ஞாபகம் வந்தது. கூத்துக்கு வேண்டியது என்ன? சமதளம், நடுவில் ஆடுகளம், மூன்று பக்கமும் உட்கார்ந்த சனம், பின்னால் பாட்டுக்காரர்கள். சட்டம் போட்ட மேடையில் கூத்தை ஏற்றி, அதை ஒரு காட்சிப்பொருளாக்கி, கூத்துக்காரரையும் கூசச் செய்கிறோம். கேப்பிட்டலின் தரையைச் சமமாக்கி, நடுவில் கூத்தாடி, மேல்தட்டிலிருந்தும் சனம் குனிந்து பார்த்தால் எப்படி இருக்கும்! அப்போது 977 என்ற கணக்கும் நம்மைப் பயமுறுத்தாது. எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை பேருக்கு ஏற்ற வட்டம். இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ள நம்மைவிடப் பொருத்தமான மரபு எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

பணம். வாடகை குறைவாக இருக்காது; கெஞ்சாமல் பேரம் பேச வேண்டும். தனித்தனியாகப் போனால் நீங்கள் ஒரு நாள் வாடிக்கையாளர். அக்னிக் கூத்து, ரவீந்திரன் நாடகக் குழு, அவாண்ட், அதிபதி என்று எல்லாரும் சேர்ந்து, மூன்றாண்டுக்கு ஆண்டுக்கொரு வாரம் என்று போனால் பேச்சே வேறு. வார நாள்களில் காலியாகக் கிடக்கிற அரங்கைவிட, குறைந்த வாடகைக்கு ஓடுகிற அரங்கு எந்த முதலாளிக்கும் நல்லதுதான். கடைக்காரர்களுக்கும் நல்லது, நாடகம் பார்க்க வந்த தமிழ்க் குடும்பம் சாப்பிடாமல் வீடு திரும்பிய வரலாறு கிடையாது. தேசியக் கலைகள் மன்றத்திடமும் கூட்டாகவே போங்கள். கூட்டாக ஒரு மனு எழுத நாலு குழுத் தலைவர்கள் ஒரு மேசையில் உட்கார வேண்டுமே என்ற கவலை எனக்கும் இருக்கிறது. ஒரு மாலை உட்காருங்கள். தேநீர் செலவு என்னுடையது.

சீட்டு விற்பனையிலும் இப்போது ஒரு வாய்ப்பு வாசலில் நிற்கிறது. 18 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் அரசு 100 வெள்ளிக்குக் கலாசார அட்டைத் தொகை கொடுத்திருக்கிறது. 2025 செப்டம்பர் முதல் 2028 முடியும்வரை அதை உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்குச் செலவிடலாம். நம் வீடுகளில் எத்தனை பேர் அதைத் தொடவே இல்லை என்று கேட்டுப் பாருங்கள். 'தமிழில் பார்க்க என்ன இருக்கிறது' என்கிறார்கள். பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

ஹோட்டல்காரர் இடம் என்ற மூன்றாவது எதிர்ப்புக்குப் பெரிதாகப் பதில் தேவையில்லை. முன்பு அது பாரசீக வணிகர் இடம், பிறகு ஷா இடம், நடுவில் ஜப்பானியர் இடம். மேடையில் நிற்கிறவர் பக்கம்தான் சனத்தின் கண் போகும். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று எந்தப் பார்வையாளரும் கேட்டதில்லை.

தொழில்நுட்பம் பற்றி ஒரு எச்சரிக்கை. சினிமாவுக்காகப் பிறந்த அரங்குகள் பொதுவாகவே நாடகக்காரரை நாலு இடத்தில் இடிக்கும். திரையின் முன் ஆள் நின்றால் போதும் என்று நினைத்துக் கட்டியவை அவை. மேடைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்க இடம் குறையலாம். காட்சித் தட்டிகளை மேலே இழுத்து மறைக்கும் உயரம் போதாமல் போகலாம். பேச்சொலி திரைக்குப் பின்னாலிருந்து ஒலிபெருக்கியில் வரும் என்று கணக்குப் போட்டுச் செய்த கூடத்தில், வெறும் தொண்டைக் குரல் கடைசி வரிசைக்குப் போவது தனிக் கலை. ஆகவே பிரதி எழுதுகிறவர் பேனாவைத் திறக்கும் முன், ஒளியமைப்பாளரும் மேடை நிர்வாகியும் அளவு நாடாவோடு போய் அரங்கை அளந்து வரட்டும். எவ்வளவு பெரிய அரங்கானாலும் கழுத்தில் ஒலிவாங்கியைக் கட்டிக்கொண்டு கத்துவது நம்மிடம் நோயாகப் பரவியிருக்கிறது. கேப்பிட்டல் அதற்கு மருந்தாக அமைந்தால் நல்லது.

என்ன நாடகம் போடுவது? பி. கிருஷ்ணன், நம் புதுமைதாசன், 1960களின் இறுதியில் எழுதிய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' வானொலியில் வந்தபோது வீடு வீடாகக் கேட்டார்கள். அடுக்குமாடிக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் தங்களையே கேட்டுச் சிரித்த தொடர் அது. அண்ணாசாமியின் பேரன் இன்று பொங்கோலில் வீடு வாங்கக் காத்திருக்கிறான் என்று எழுதினால் 977 இருக்கையும் நிறையும். அவர் 'மெக்பெத்'தைத் தமிழில் தந்திருக்கிறார். அதுவும் பெரிய மேடை கேட்கும் நாடகம்.

ஆனால் என் மனத்தில் முதலாவதாக நிற்பது வேறொன்று. 1943 அக்டோபர் 21ஆம் தேதி, கேத்தே கொட்டகையில், ஒரு சினிமா மண்டபத்தில்தான், சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். மறுநாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. படைத்தலைவி சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் லட்சுமி. துப்பாக்கி பிடித்தவர்களில் பலர் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். வாட்டர்லூ தெருவிலிருந்து கேப்பிட்டலுக்கு நடந்தே போய்விடலாம். அந்தப் பெண்கள் அணிவகுத்த காலத்தில் கேப்பிட்டலும் ஜப்பானியப் பெயரோடு அதே இடத்தில் நின்றது. கேத்தே மண்டபம் இன்று இல்லை. அந்தக் கதையைச் சொல்ல, அந்தக் காலத்தைப் பார்த்த ஒரு கொட்டகை இன்னும் இருக்கிறது. வீரப்புகழ் மட்டும் பாடாதீர்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் அடிக்கும் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தவர்களுக்கும் நடுவில், பதினாறு பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்தச் சீருடை என்னவாக இருந்தது என்று கேளுங்கள். ஜப்பானியரோடு கைகோத்தது சரியா என்று மேடையிலேயே சண்டை போடுங்கள். மேலே ஆங்கிலத்திலும் மலாயிலும் சீனத்திலும் வசனம் ஓடட்டும். மற்ற இனத்து நண்பர்களும் வரட்டும். உயர்நிலைப் பள்ளிகளின் தமிழ் மாணவர்களுக்கு வார நாள் பகல் காட்சிகளை ஒதுக்குங்கள். பாடநூலில் இரண்டு வரியாக இருப்பதை இரண்டு மணி நேரம் பார்க்கட்டும்.

எப்போது? ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா. வளர்தமிழ் இயக்கம் ஆண்டுதோறும் அந்த மாதம் முழுக்க நிகழ்ச்சிகளைக் கோத்து வைக்கிறது. பட்டிமன்றங்களுக்கும் பரிசளிப்புகளுக்கும் நடுவில் ஒரு வாரத்தை நாடகத்துக்கென்று கேளுங்கள். நவம்பரில் எஸ்பிளனேட்டின் கலா உத்சவம் இருக்கிறது. ஆகவே ஏப்ரல்தான் சரி.

அரங்க நிர்வாகத்துக்கும் கலைகள் மன்றத்துக்கும் வளர்தமிழ் இயக்கத்துக்கும் ஒரே கடிதத்தை, எல்லாக் குழுக்களின் கையெழுத்தோடு, இந்த மாதத்துக்குள் அனுப்புங்கள். பதில் வரத் தாமதமானால் இன்னொன்று அனுப்புங்கள். தேதி உறுதியானதும் எனக்குச் சொல்லுங்கள். மேல்தட்டில் இரண்டு சீட்டு வேண்டும். அழைப்பிதழ் அனுப்பாதீர்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாடகங்களை விடாமல் பார்க்கிற ஒருவன்